பெயர் வெட்டிய தூக்குச்சட்டி

ஜூன் 12, திங்கள்

என் மனைவி கிருபையை இன்று வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இடுப்பு எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடக்கலாம், வாசற்படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், மாத்திரை எப்போது கொடுத்தோம் என்பதையெல்லாம் எழுதி வைக்கவும் சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரி.

இது 2017ஆம் வருடத்து டைரி. மகன் கொடுத்தது. தேதியும் கிழமையும் இந்த வருடத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. நல்ல தாள், வீணாக்குவானேன். பிப்ரவரி 18 வரை ஏதோ கிறுக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எழுதச் சமயம் கிடைக்கவில்லை.

வண்டியிலிருந்து இறங்கும்போது கிருபை வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆறு வாரம் கோயிலுக்குப் போக முடியாதா? கோயிலுக்குப் போனாத்தான எமிமாளப் பாக்க முடியும்" என்றாள். காதில் விழாத மாதிரி பூட்டைத் திறந்தேன்.

எழுத உட்கார்ந்தால் முழுதாக எழுதிவிட வேண்டும். எமிமாள் எங்கள் மருமகள். எங்கள் மகன் ஜெபசிங் வண்டி விபத்தில் போன பிறகும் நாலு வருடம் எங்களோடுதான் இருந்தாள். 2021இல் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கிங்ஸ்லியைக் கல்யாணம் செய்துகொண்டு, வேதக்கோயிலுக்குப் பின்னால் கீழத்தெருவில் குடியிருக்கிறாள். எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. நான் அவளைத் துரத்தவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். அதன் பிறகு அவள் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. கிருபைக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கத்தில் அவளைப் பார்த்துக்கொள்வது ஒரு பழக்கம்.

காலை: இட்லி அரை. மத்தியானம்: ரசச்சோறு, இரண்டு வாய். மாத்திரை மூன்று.

ஜூன் 13, செவ்வாய்

அடுப்பைப் பற்றவைக்கத் தெரு விடவில்லை. காலையில் அடுத்த வீட்டு நேசமணி இட்லியும் சட்னியும் கொண்டு வந்தாள். மத்தியானம் எதிர்வீட்டுத் தங்கக்கனி சோறும் மீன்குழம்பும். முக்குவீட்டு மைமூன் முட்டைக் குருமா. சாயங்காலம் நேசமணி மறுபடியும் வந்து உளுந்தங்கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். கருப்பட்டி போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, இறக்கும்போது ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டது. எலும்புக்கு நல்லது என்றாள்.

கிருபை வேறு எதையும் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. கஞ்சியை மட்டும் வழித்துக் குடித்தாள். நேசமணிக்கு இப்படி ஒரு கைப்பக்குவம் இருக்கும் என்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. அவள் வீட்டுச் சாம்பார் எப்படி இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

ஜூன் 15, வியாழன்

அடுக்களை மேடையில் ஒன்பது பாத்திரம் சேர்ந்துவிட்டது. கழுவிக் கவிழ்த்தேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்ததும் கட்டிலில் இருந்தே சத்தம். "வெறுஞ்சட்டியாவா கொண்டு போறிய? நல்லாருக்கு."

எங்கள் ஊரில் அப்படித்தான். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும். இத்தனை வருடம் இதைக் கிருபை பார்த்துக்கொண்டாள். எனக்குச் செய்யத் தெரிந்தது அவல் ஒன்றுதான். நனைத்து, தேங்காய் துருவி, கருப்பட்டி நுணுக்கிப் போட்டால் முடிந்தது. ஒன்பது பாத்திரத்திலும் அவல்.

ஜூன் 16, வெள்ளி

பாத்திரங்களை ஒப்படைத்தேன். முப்பத்தாறு வருடம் இதே ஊரில் தபால்காரனாக இருந்தவனுக்கு ஒன்பது பட்டுவாடா ஒரு வேலையா? ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன், பெயருக்கு நேராகக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஜூன் 17, சனி

முடியவில்லை.

காலையிலேயே நேசமணி வந்து நின்றாள். அவள் இட்லி கொண்டு வந்த சம்புடத்தை நான் தங்கக்கனியிடம் கொடுத்துவிட்டேனாம். அதில் 'சு. தங்கக்கனி' என்று வெட்டியிருந்தது, கொடுத்தேன். தங்கக்கனி குழம்பு கொண்டு வந்த போணியில் மைமூனின் மாமியார் பெயர். அது மைமூன் வீட்டுக்குப் போனது. மைமூன் குருமா கொண்டு வந்த கும்பாவில் நேசமணியின் பெயர்.

"பேர் யாருதா இருந்தா என்ன அண்ணாச்சி? கொண்டாந்த ஆள்ட்ட குடுக்கணும்லா. பதினஞ்சு வருசமா எங்கிட்டப் பொழங்குன சம்புடம்" என்றாள் நேசமணி.

"பதினஞ்சு வருசமா என் சம்புடத்தையா வச்சிருந்த?" என்று எதிர்வீட்டிலிருந்து தங்கக்கனி கேட்டாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். கிருபை விழுந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று என்னைத் திட்டவும் செய்தாள்.

"எட்ரஸப் பாத்துக் குடுத்தேன். இதுல என்ன தப்பு?" என்றேன்.

"சட்டிக்கு ஏதுங்க எட்ரஸ்?" என்றாள்.

ஜூன் 18, ஞாயிறு

கோயிலுக்குத் தனியாகப் போனேன். பெண்கள் பக்கம் நான் பார்ப்பதில்லை. எமிமாள் நீலச் சேலை கட்டியிருந்தாள். மடியில் பிள்ளை. கிருபை வழக்கமாக உட்காரும் இடத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கிருபை கேட்டாள். கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

கஞ்சி: ஒரு கும்பா முழுதும்.

ஜூன் 21, புதன்

சண்டை வேறு மாதிரி திரும்பிவிட்டது. தங்கக்கனி தன் வீட்டு அலமாரியைக் காலி செய்து, தன் பெயர் இல்லாத பாத்திரத்தையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி என் வாசலில் வைத்துவிட்டாள். "நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி, எவளும் என்னக் களவாணின்னு சொல்லிரக் கூடாது" என்றாள். அதைப் பார்த்து நேசமணியும் கொண்டு வந்தாள். பிறகு மைமூன். பிறகு தெருக்கோடி வரைக்கும்.

முன்னறையில் பாய் விரித்துப் பிரித்தேன். இப்படித் தபால் சார்ட்டிங் செய்து எத்தனை வருடம் ஆகிறது. கிருபை கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னாள். வெள்ளம் வந்த வருடம் தெரு முழுக்கக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். பாதிப் பாத்திரம் அன்று மாறியதுதான். மீதி, வீட்டுக்கு வீடு நடந்த கல்யாணத்திலும் சாவிலும் மாறியது. மைமூனின் மாமியார் பெயர் வெட்டிய செம்பு ஒன்று தங்கக்கனி வீட்டில் பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மைமூன் பெயரை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் நின்றாள். மாமியார் இருந்தபோது இரண்டு பேருக்கும் ஆகாது என்பது ஊர் அறிந்தது. இன்று அவள் கண் கலங்கியதையும் எழுத வேண்டியதுதான்.

தெருவில் எல்லாருக்கும் என் அவல் சலித்துவிட்டது என்று கேள்வி.

ஜூன் 24, சனி

இன்று சாயங்காலம் உளுந்தங்கஞ்சி ஒரு தூக்குச்சட்டியில் வந்தது. நேசமணி வைத்துவிட்டு, மழை வருவதுபோல் இருக்கிறது, துணி காய்கிறது என்று நிற்காமல் ஓடினாள். கிருபை குடித்து முடித்ததும் கழுவினேன். பெயரைப் படிப்பது இப்போது கையோடு வந்த பழக்கமாகிவிட்டது. திருப்பிப் பார்த்தேன்.

ஜெபசிங் - எமிமாள் 12.5.2014

அடியில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. அந்த நெளிசல் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். லேத் பட்டறைக்கு அவன் தினமும் வண்டியில் மாட்டிக்கொண்டு போன சட்டி.

துடைத்து மேடையில் வைத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

நேசமணியைப் புறவாசலில் நிறுத்திக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு உடைத்தே சொல்லிவிட்டாள்.

"அந்தப் பிள்ளதான் தெனமும் காச்சி எங்க பொறவாசல்ல வச்சிட்டுப் போகுது அண்ணாச்சி. நான் என் சட்டியில மாத்திக் கொண்டாருவேன். எங்கிட்ட இருந்த சட்டி அம்புட்டையும் நீங்கதான் தெருவுக்குப் பங்கு வச்சிட்டியள. நேத்து மாத்துததுக்கு ஒண்ணுமே அம்புடல. கழுவும்போது நீங்க பாக்க மாட்டியன்னு நெனச்சேன்."

"கிருபைக்குத் தெரியுமா?"

"மொத வாயிலயே தெரிஞ்சிட்டு."

பன்னிரண்டு நாளாக அவள் காய்ச்சியதைத்தான் நான் நேசமணியின் கைப்பக்குவம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் நானும் தினம் அரை டம்ளர் குடித்திருக்கிறேன்.

ஜூன் 27, செவ்வாய்

நேற்றும் இன்றும் கஞ்சி வரவில்லை. நான் கேட்டதை நேசமணி போய்ச் சொல்லியிருப்பாள். எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

கிருபை: காலையில் ஒரு இட்லி. மத்தியானம் வேண்டாம் என்றாள். வாக்கரைப் பிடித்து நாலு அடி நடந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 28, புதன்

கிருபை: அரை இட்லி. நடக்கவில்லை.

ஜூன் 29, வியாழன்

கஞ்சியை நானே காய்ச்சினேன். அடிப்பிடித்தது. கிருபை ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை. நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னிடம் வாய் கொடுக்காமல் படுத்தது இது இரண்டாம் தடவை. முதல் தடவை 2021 ஆகஸ்டில்.

ஜூலை 1, சனி

தூக்குச்சட்டி மேடையிலேயே இருக்கிறது. ஒரு வாரம் ஆகிறது. ஒரு பட்டுவாடாவை நான் ஒரு நாள் கூடத் தாமதித்தது கிடையாது.

அன்று சொன்ன வார்த்தையை எழுதிவிடுகிறேன். கல்யாணத்தைச் சொல்லிக் கூப்பிட எமிமாள் என் முன்னால் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்காகப் பேசத் துணைக்குக்கூட யாரும் இல்லை. சொந்த அப்பா அம்மா அவளுக்குச் சின்ன வயதிலேயே இல்லை. நான், "எங்க வேணுமானாலும் போ. என் மகன் பேர மட்டும் இங்க வச்சிட்டுப் போ" என்றேன்.

மறுநாள் எமிமாள், ஜெபசிங்கோடு நடந்த கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களையெல்லாம், அவன் பெயரும் அவள் பெயரும் வெட்டியவை பதினொன்று, ஒரு சாக்கில் கட்டி இங்கேயே வைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு போனாள். நான் சொன்னதை அவள் அப்படி எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? சாக்கு இன்னும் பரணில்தான் இருக்கிறது. தூக்குச்சட்டி ஒன்று குறைகிறது என்று எனக்கு அன்றே தெரியும். கேட்கவில்லை. கேட்காததை ஒரு பெருந்தன்மை மாதிரி இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இங்கே இருந்த நாலு வருடமும் காலையில் எனக்குக் காப்பி போட்டுத் தந்தது அவள்தான். அவன் இல்லாத வீட்டில் அவள் நடமாடுகிற சத்தம் கேட்டால் எனக்கு அவன் எங்கேயோ பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அவள் போனால் அவனும் போய்விடுவான் என்று பயந்தேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 2, ஞாயிறு

பெறுநர் காலமாகிவிட்டால் கடிதத்தின் மேல் அப்படி எழுதி அனுப்பியவருக்கே திருப்புவோம். என் கையால் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் மேலே இரண்டு பெயர் இருந்து, ஒருவர் உயிரோடு இருந்தால், எங்கள் ஆபீசில் அவரிடம்தான் கொடுப்போம்.

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாளைக்குப் போகிறேன். அவலுக்குத் தேங்காய் வேண்டும்.

ஜூலை 3, திங்கள்

காலையில் அவலை நனைத்தேன். தூக்குச்சட்டியில் போடும்போது கிருபை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "ஏலக்காய் அந்தச் செவப்பு டப்பாவுல இருக்கு, ரெண்டு தட்டிப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தெருவில் இறங்கியதும் தங்கக்கனி, "யாருக்கு அண்ணாச்சி டெலிவரி?" என்று கேட்டாள். சட்டியைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

கீழத்தெருவுக்கு எட்டு நிமிடம். எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கோயில் வாசலில் ஒரு தடவை உட்கார்ந்தேன். அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்றுதான் யோசனை. பிள்ளையை வைத்துத் தாத்தா என்பாளா, சார் என்பாளா. கூப்பிடாமலேயே விடலாம். அதுவும் நியாயம்தான்.

கிங்ஸ்லி கதவைத் திறந்தான். வேலைக்குக் கிளம்பிச் சட்டையில் ஒரு கையை மாட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் மற்றக் கையை மாட்ட மறந்துவிட்டான். பிறகு நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டான். நல்ல பிள்ளை. இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

எமிமாள் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். பின்னாலேயே பிள்ளை தவழ்ந்து வந்தது.

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "இதுல ரெண்டு பேர் இருக்கு. ஒருத்தன் இல்ல. இருக்கப்பட்ட ஆள்ட்டதான் குடுக்கணும். அதான் கொண்டாந்தேன்."

கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் மாமா. இத மட்டும் குடுக்க மனசு வரல. அவிய கடைசியாக் கொண்டுபோன சட்டி" என்றாள்.

மாமா என்றுதான் சொன்னாள்.

அதற்கப்புறம் மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கிங்ஸ்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். அழுது முடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவனுக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும், ஆனாலும் அவன் வரவில்லை.

"அத்தைக்கு ஒன்னப் பாக்கணும். ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றேன்.

"பிள்ளையத் தூக்கிட்டு வரலாமா மாமா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்கும்படி நான் வைத்திருக்கிறேனே என்று இருந்தது. "பிள்ளைய விட்டுட்டு வந்தா அத்தை ஒன்ன உள்ள விட மாட்டா" என்றேன்.

சட்டியைத் திறந்து ஒரு விரல் அவலை எடுத்து வாயில் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கருப்பட்டி கூடிப்போச்சு மாமா" என்றாள்.

ஜூலை 4, செவ்வாய்

எமிமாள் வந்தாள். முன்வாசல் வழியாக.

தெருவில் ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஏதாவது செய்துகொண்டு இருந்தார்கள். நேசமணி ஏற்கனவே கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள்.

நான் அடுக்களையில் காப்பி போட்டேன். அறையில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பிறகு பிள்ளை வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாம், கிருபை சிரிக்கிற சத்தம் கேட்டது.

கிருபை: இட்லி மூன்று. கஞ்சி முழுதும். வீட்டுக்குள் இரண்டு சுற்று.

ஜூலை 10, திங்கள்

எமிமாள் தினமும் வருகிறாள். கஞ்சியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டு வருகிறாள். தூக்குச்சட்டியை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாளாம், அது பத்திரமாக இருக்கட்டும், இனி புழங்கவேண்டாம் என்று கிங்ஸ்லிதான் சொன்னானாம். டப்பாவின் மூடி சூட்டில் கோணிவிட்டது.

பேச்சுவாக்கில் கிருபை விசாரித்தாள். கல்யாணத்துக்குப் பதினைந்து பேர்தான் வந்தார்களாம். கொரோனா காலம் வேறு. நான் போகாததால் எங்கள் மேலத்தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. பெயர் வெட்டிய ஒரு பாத்திரம் கூட அந்த வீட்டில் கிடையாது.

ஜூலை 15, சனி

கிருபையை நாற்காலியோடு தூக்கிக் காரில் ஏற்றி, டாக்டரிடம் போய் வந்தோம். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் படி இறங்கலாம் என்றார். டைரியை வாங்கிப் புரட்டினார். இரண்டு பக்கம் படித்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது கிருபையைக் காரில் உட்காரவைத்துவிட்டு பஜாரில் பாத்திரக்கடைக்குப் போனேன். கனமான தூக்குச்சட்டி ஒன்று பார்த்து எடுத்தேன். பெயர் வெட்டுகிற பிச்சையா மெஷினைத் துடைத்துக்கொண்டு, என்ன பெயர் என்று கேட்டான்.

"கிங்ஸ்லி - எமிமாள்."

தேதி கேட்டான். "இருவத்தஞ்சு, எட்டு, ரெண்டாயிரத்து இருவத்தொண்ணு" என்றேன். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அன்று நான் நாள் முழுதும் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

"ரெண்டு வருசம் கழிச்சா கல்யாணச் செய்முறை?" என்று பிச்சையா சிரித்தான். "கீழ அன்பளிப்புன்னு யார் பேரு போட அண்ணாச்சி?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. மாமா, அத்தை என்று போடலாம். தபால்காரர் பொன்னுத்துரை என்று போட்டாலும் ஊருக்குத் தெரியும். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காரில் கிருபை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, அம்மான்னு போடு" என்றேன்.

"மகளுக்கா?"

"ஆமா."

வெட்டித் துடைத்துக் கொடுத்தான். எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவல்தான்.